பச்சை

வியாழக்கிழமைதோறும் நான் பச்சை பூசினேன்.
ருஸ்தாவி நகரத்து அடுக்குமாடிகளில்
எங்கள் கம்பெனியின் பொறுப்பில் தொண்ணூற்றிரண்டு லிஃப்டுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி,
வரியின் கடைசியில் ஒரு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு நிறம்.
வங்கிக்குப் போகும் தாள் அது.
பச்சை ஸ்கெட்ச் பேனா மாதம் ஒன்று தீரும்.
சிவப்பு, மூடிக்குள்ளேயே காய்ந்து கிடந்தது.

ஒருமுறை, ஒரே ஒருமுறை,
பதினான்காம் கட்டடத்துக்குச் சிவப்பு வைத்தேன்.
கம்பி வடத்தில் ஏழு இழை அறுந்திருப்பதாக
மல்காஸ் எழுதிக் கொடுத்திருந்தான்.
டைரக்டர் ஒதார் கோபப்படவில்லை.
என் மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்து
"இந்த நிறத்துக்கு யார் பணம் கட்டுவது, இஸோல்டா?" என்றார்.
அவர் வீடு தரைத்தளத்தில்.

அடுத்த வாரம் மல்காஸைக்
கிடங்கில் ஆணி எண்ண அனுப்பினார்கள்.
அதற்கடுத்த வாரம்
எவரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.
பச்சைப் பொய் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

பிப்ரவரியில், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே,
மெத்தை கொண்டுவந்த ஒருவன் நான்கு மணி நேரம் தொங்கினான்.
சாகவில்லை.
மெத்தைமேல் உட்கார்ந்து நகராட்சிக்கு ஃபோன் செய்தான், அவ்வளவுதான்.
ஒப்பந்தத்தில் பாதி போயிற்று.
சம்பளம் மூன்று மாதம் நின்றது.
ஒதார் போனார்,
காபி இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு.

மாக்வாலா வந்தாள்.
சரக்கு ரயில் முற்றத்தில் இருபது வருடம்
பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்தவள்.
உரை ஏதும் நிகழ்த்தவில்லை.
என் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி
மெக்கானிக்குகளைக் கேட்டாள்:
"எந்த லிஃப்டில் உங்கள் பிள்ளையை ஏற்ற மாட்டீர்கள்?"

பேட்டரி வாங்கக் காசில்லாமல்
சுவர்க் கடிகாரமும் நின்றுபோயிருந்த அறை.
மல்காஸ்தான் பச்சையாகச் சொன்னான்:
"பதினேழு."
எண்களை வரிசையாகச் சொன்னான்,
வட்டி கட்டுகிறவன் கடன்களைச் சொல்வதுபோல,
எதையும் பார்க்காமல்.
எழுதி முடித்து என் பக்கம் திரும்பினாள்.
"உனக்குத் தெரியுமா?"
"பதினொன்று தெரியும்."
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"மிச்சம் ஆறும் ஏன் உன்னிடம் வரவில்லை, யோசி"
என்றபடி பேனாவை மூடினாள்.

அன்று மாலையே பதினேழும் நின்றன.
காசுப் பெட்டியில் பத்து டெட்ரி விழும் சத்தமும்.
கையில் வந்துகொண்டிருந்த வருமானமே அதுதான்.
ஒன்பதாம் மாடிக்காரர்கள் எங்கள் குலத்தையே சபித்தார்கள்.
ஃபோனை அவள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.
இடது காது நாள் முழுக்கச் சிவந்திருந்தது.

பிழையும் செய்தாள்.
இருபத்தொன்றை நிறுத்தச் சொல்வதற்குப் பதிலாகப்
பன்னிரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டாள்.
வடம் நைந்தது மூன்று நாள் ஓடியது.
நல்லது நின்றது. அதன் எட்டாம் மாடியில்
டயாலிசிஸுக்குப் போகிற ஷால்வா.
நாற்காலியோடு தூக்கி இறக்கினோம்.
ஒரு காலை மல்காஸ் பிடித்திருந்தான்,
ஒரு காலை அவள்.

மறு வியாழன், கூட்டத்தின் முதல் வாக்கியம்:
"அது என் தப்பு. தாளில் ஏற்று, இஸோல்டா.
சிவப்பில். என் பெயர் போட்டு."
சிவப்புப் பேனா எழுதவில்லை.
ஆள் அனுப்பிப் புதிது வாங்கும்வரை
எல்லோரும் உட்கார்ந்தே இருந்தோம்.

அதற்குப் பிறகு சீட்டுகள் வரத் தொடங்கின.
பிரேக் தேய்கிறது. கதவு பிடிக்கிறது.
ஒரு சீட்டில், புதுப் பையன் ஒருவன் கையெழுத்தில்:
"சத்தம் வருகிறது. ஏனென்று எனக்குத் தெரியவில்லை."
அதைத்தான் அவள் பலகையில் எல்லாவற்றுக்கும் மேலே குத்தினாள்.

கம்பெனி பிழைத்ததா என்று கேட்காதீர்கள்.
வங்கி இன்னும் பதில் போடவில்லை.
ஒரு மாதச் சம்பளம் பாக்கி.
பதினேழில் ஆறு ஓடுகின்றன.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை,
மாக்வாலாவிடமும்.
பதினான்காம் கட்டடத்தில்தான் என் வீடு.
ஏழாம் மாடி.
இரண்டு வருடம் படியில்தான் ஏறினேன்,
முழங்காலுக்கு நல்லது என்று
லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே
அவர்களைக் கடந்து.