நாலரை யூரோ

தடைக்காலம் தொடங்கி நாலாம் நாள்.
காசிமேட்டில் விசைப்படகெல்லாம்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிறது.
மச்சான் இன்னாசி
கரையேற்றிய படகுக்குப் பச்சை அடிக்கிறான்.
நான் விசாவுக்குக் காத்திருக்கிறேன்.
இங்கே கடலை மூடும் மாதத்தில்தான்
அங்கே திறக்கிறார்கள்.

"இந்த வாட்டி எந்த ஊரு?"
போர்ட்டோஃபினோ, போனிஃபாசியோ, காப்ரி.
சொல்லச் சொல்ல பிரஷ் நின்றுவிட்டது.
"ஊருங்க எப்படி?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
ஒன்றில் அடியெல்லாம் புல், நங்கூரம் வழுக்கும்.
ஒன்றில் வாய் குறுகல்,
மேற்கே இருந்து காற்று நுழைந்தால்
ராத்திரி முழுக்கக் கயிறு முனகும்.
சான் ட்ரோப்பேயில்
கரைக்கு முதுகைக் காட்டித்தான் கட்ட வேண்டும்.
காபிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள்
நான் ஸ்டீல் கம்பி துடைக்கும்போது
படகைப் படம் பிடிப்பார்கள்,
என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லி.

விருந்தினர் ஏறும்போது
செருப்பைக் கழற்றிக் கூடையில் போடுவார்கள்.
தேக்குத் தளம், குதிகால் படக் கூடாது.
எட்டுப் பேர், பதினாறு செருப்பு.
இறங்கும்போது யாருடையது எது என்று
மாறாமல் எடுத்து வைப்பது என் வேலை.
"கோயில் வாசல்ல டோக்கன் போடுறவன் மாதிரியா?"
"ஆமா. இங்க சாமி மட்டும் வெளிய இருக்கு."
சிரித்தான். மறுபடி பச்சை.

அவர்கள் நள்ளிரவுக்கு மேல் திரும்புவார்கள்.
சட்டையில் ஊர் ஒட்டியிருக்கும்:
வதக்கிய பூண்டு, யாருடைய சென்ட்டோ,
பாதி மறந்த ஒரு மெட்டு.
அதை வைத்துத் தெருக்களைப் போட்டுக்கொள்வேன்,
இங்கே ஒரு திருப்பம், இங்கே படிக்கட்டு.

இன்னாசியிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

பனைமரத்தொட்டியில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்
பதினோரு காந்தங்கள், பதினோரு ஊர்கள்.
"இதெல்லாம் அவரு நடந்த ஊரு" என்று
வருகிறவர்களுக்கு டெல்பினா காட்டுவாள்.
பதினொன்றையும் ஒரே கடையில் வாங்கினேன்.
ஆன்டீபில், ரயில் நிலையத்துக்கு எதிரே,
கணக்குத் தீர்ந்த கடைசி நாளில்,
பத்து நிமிடத்தில்.

நடந்த ஊர் ஒன்றே ஒன்று.
ஹைட்ராவில் சமையல்காரருக்கு எலுமிச்சை தீர்ந்தது,
கேப்டன் நாற்பது நிமிடம் கொடுத்தார்.
அந்த ஊரில் வண்டி கிடையாது.
ஒரு கழுதையின் பின்னாலேயே படியேறினேன்.
பன்னிரண்டாவது நிமிடத்தில் எலுமிச்சை கிடைத்துவிட்டது.
மீதியை என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஒரு நீலக் கதவுக்கு எதிரே நின்றேன்.
உள்ளே யாரோ பாத்திரம் கழுவினார்கள்.
கடைசித் தட்டு வரைக்கும் கேட்டுவிட்டு
இறங்கி வந்தேன்.

நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்ததில்
ஃப்ரிட்ஜ் செத்துவிட்டது.
மெக்கானிக் வருவதற்குள் நகர்த்த வேண்டும்,
காந்தங்களைக் கழற்றினோம்.
ஒவ்வொரு ஊருக்கு அடியிலும் ஒரு காகிதம்:
ஸ்கூல் ஃபீஸ் ரசீது, சிலிண்டர் பில்,
சேட்டு கடை அடகுச் சீட்டு,
மாமனாரின் சர்க்கரை ரிப்போர்ட்.

டெல்பினா காப்ரியைத் திருப்பினாள்.
முதுகில் சின்ன வெள்ளைச் சிட்டை, நாலரை யூரோ.
போர்ட்டோஃபினோவின் முதுகிலும்.
அதே கடை, அதே ஊதா மை.
நாலோடு நிறுத்திக்கொண்டாள்.

"எல்லா ஊர்லயும் ஒரே விலையா?"
"ஆமா."
"நல்ல ஊருங்கதான், யாரும் ஏமாத்தல"
என்று சொல்லிவிட்டு
காகிதங்களை அடுக்கினாள்.
விசிறியின் சத்தம் மட்டும்.

கழுதை போட்டது இன்னும் அவள் கையில் இருந்தது.
"இது?"

சொன்னேன். படி, கதவு, பாத்திரச் சத்தம்,
எதையும் விடாமல்.
கவனமாகக் கேட்டாள்.

"எலுமிச்சை கிலோ எவ்ளோ?"
"மூணு யூரோ."
மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுத்
தலையில் அடித்துக்கொண்டாள்.
"இருபத்தெட்டு நிமிஷம் சும்மா நின்னேன்ற.
அந்த நேரத்துக்கு
கொஞ்சம் பேரம் பேசிருக்கலாம்ல?"