மறியல்

பேரணாம்பட்டு நான்குமுனை ரோட்டில்
ஒன்பதுக்கே உட்கார்ந்துவிட்டோம்.
புதுச் சட்டத்தைத் திரும்பப் பெறு என்றார்
கவுன்சிலர் ரியாஜுதீன்.
பெறு என்றோம்.
ஒரு லாரியையும் விடாதீங்க என்றார்.

லாரி வரவில்லை.

பத்தரைக்கு ஒரு டவுன் பஸ்.
நர்ஸ் ஒருத்தி இறங்கி
எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.
இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.
கைது செய்யவும்
கொஞ்சம் நெரிசல் வேண்டுமாம்.

போன ஆடியில் இதே ரோட்டில்
பச்சைத்தோல் லோடு
உப்புத்தண்ணி சொட்டச் சொட்டப் போகும்.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஷிப்டுக்கு ஓடுவோம்.

பூங்காவனம் மூச்சை நன்றாக இழுத்தாள்.
‘நாத்தமே இல்லியேடி,
இதுக்குப் பேருதான் சீர்திருத்தமா?’
ரியாஜுதீன் மைக்கை அணைத்தார்.

கலையச் சொல்லி யாரும் வரவில்லை.
புடவையில் ஒட்டிய தாரைச்
சுரண்டிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறோம்.