இடது பக்கத்துப் பின்கதவு

எங்கள் புளோக்கில் லிஃப்ட்
ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும்.
நான் ஒன்பது. அதனால்
இரண்டு வாளித் தண்ணீரோடு இறங்க முடிந்தது.

ரெலாவ். ஞாயிறு, காலை ஏழரை.
மலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது,
மழைக்கு நேரமிருக்கிறது.

ஒரு வாளியில் நுரை,
மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர்.
மண்ணோடு தேய்த்தால் கோடு விழும்.
மைனா எச்சத்தைச் சுரண்டக் கூடாது,
ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும்,
பிடிவாதக்காரரிடம் பேச்சை நிறுத்திவிட்டு
அவராக இளகட்டும் என்று இருப்பது போல.

கழுவி முடித்து
பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் தடவினால்
எத்தனை சொரசொரப்பு!
தினமும் பாலத்தில் பிறைக்குப் போய்வருகிறேன்,
லாரிகள் தூவிய இரும்புத்தூள் எல்லாம்
என் பானெட்டில்தான் குடியிருந்திருக்கிறது.
பதினெட்டு ரிங்கிட் களிமண் கட்டி.
வழுக்கிக்கொண்டு போகும்,
திடீரென்று ஓரிடத்தில் கரகரக்கும்,
பிறகு அமைதி.

நாயோடு வந்த பூன் அங்கிள் நின்றார்:
"விக்கப் போறியா?"
நாசி லெமாக் பொட்டலத்தோடு காக் ரொஹானா:
"நாக் ஜுவால் கா?"
மூன்றாம் மாடித் தவனேசன் மோட்டாரை நிறுத்தாமலே
"அக்கா, என்னா வெல?"
வைத்துக்கொள்ளப் போகிற பொருளை
யாரும் இப்படித் தேய்ப்பதில்லை போலும்.

பாலிஷ்.
கூரை, பானெட், முன்கதவுகள்.
துணியில் வந்தது வெறும் சாம்பல்.
நிறம் வராது,
நிறத்துக்கு மேல் கண்ணாடித் தோல் ஒன்று உண்டு,
தேய்வது அதுதான்.

இடது பக்கத்துப் பின்கதவுக்கு வந்தபோது
துணி சிவந்தது.

விரலைப் பார்த்தேன்.
அறுபடவில்லை.
மறுபடி தேய்த்தேன். மறுபடி சிவப்பு.

ஜெலுத்தோங் கடைக்கார ஆங்
நெஞ்சில் கை வைத்துச் சொன்ன கார் இது:
ஒரே ஓனர், ஸ்கூல் டீச்சர்,
வீடு விட்டால் ஸ்கூல், ஸ்கூல் விட்டால் மார்க்கெட்,
ஆக்சிடெண்ட்? சத்தியமா இல்ல.

கதவைத் திறந்து
ஓரத்து ரப்பரை நகத்தால் நெம்பினேன்.
உள்ளே நீலம்.

எங்கோ ஒரு நீலக் காரில்
எல்லாம் போய் இது ஒன்று மிஞ்சியிருக்கிறது.
இந்தச் சிவப்புக் காரில்
இது ஒன்று போய் எல்லாம் மிஞ்சியிருக்கிறது.
நடுவில் ஒரு ஸ்பேனர்,
ஒரு மலிவுப் பெயிண்ட் டப்பா,
ஆங்கின் நெஞ்சு.

இன்னும் நாற்பத்தொரு தவணை இருக்கிறது.

அந்த டீச்சர், டீச்சர்தான் என்றால்,
பிள்ளையைப் பின்னால் எந்தப் பக்கம் உட்கார வைத்தார்?
நீலக் காரில் இந்தக் கண்ணாடியில்
யார் நெற்றியைச் சாய்த்துத் தூங்கினார்கள்,
என் யாழிசை தூங்குவது போல?
கேட்க யாருமில்லை. ஆங்கிடம் கேட்டால்
அதற்கும் ஒரு சத்தியம் வைத்திருப்பார்.

பாலிஷை நிறுத்தினேன்.
மூடியில்லாத நிறம், தேய்க்கத் தேய்க்கத் தீரும்.
மெழுகு மட்டும் போதும்,
விரல் நுனியால், அழுத்தாமல்.

துணியைப் பிழிந்தபோது
வாளித் தண்ணீர் பண்டுங் கலரில் நின்றது.
சாக்கடையில் ஊற்றினேன்.
நடையை முடித்துத் திரும்பிய பூன் அங்கிள்
காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார்:
"இருக்கறதுலயே இந்தக் கதவுதான்
நல்லா மின்னுது."

மாலையில் மகளின் இருக்கையைக் கழற்றி
வலது பக்கம் மாட்டினேன்.
"ஏம்மா?"
"அந்தப் பக்கம் வெயில்" என்றேன்.
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.