இருநூற்றுப் பன்னிரண்டு மெஷின்கள்

பர்கூர் சிப்காட்டில் ஷூ மேல்தோல் தைக்கிற கம்பெனி.
கணக்கு நான்தான்.
சியோலிலிருந்து வரும் சொத்துப் பட்டியலில் ஒரு வரி:
தையல் மெஷின், இருநூற்றுப் பன்னிரண்டு.
இடம்: கேசோங்.

எல்லைக்கு அந்தப் பக்கம், என்றார் க்வோன் சார்.
தெற்கின் பணம், வடக்கின் கை.
ஒரு பிப்ரவரியில் கேட்டைச் சாத்தினார்கள்.
கார் கூரையில் கட்டியது போக
மிச்சம் அங்கேயே.
ஊசியில் கோத்த நூலும் அப்படியே இருக்கும், என்றார்.

தேய்ந்து தேய்ந்து
இப்போது மதிப்பு ஆயிரம் வோன்.
நம் காசில் அறுபது சொச்சம்.
அடித்துவிடலாமா சார்?
தலையாட்டினார்,
ஆமாவா இல்லையா என்று பிடிபடாதபடி.
அதை மட்டும் நம்மிடம் கற்றுக்கொண்டார்.

கூலியை யார் கையில் கொடுத்தீர்கள்?
அவர்கள் அரசாங்கத்திடம்.
பெண்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததென்று
கேட்கக் கூடாது.
ஓவர்டைமுக்கு மட்டும் சாக்லேட் கேக், நேராகக் கையில்.
தின்னாமல் பைக்குள் வைத்துக்கொள்வார்களாம்.

நான் பேனாவை மூடினேன்.
சனிக்கிழமைதோறும் காண்ட்ராக்டர் திம்மராயனுக்குச் செக் எழுதுகிறேன்,
நூற்றெண்பது பேருக்கு.
ஜெகதேவியிலிருந்து வேனில் வருகிறவர்களுக்கு
அதில் எவ்வளவு?
என் எக்செல்லில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐந்து மணிக்குக் கல்குவாரியில் வெடி.
ஜன்னல் கண்ணாடி அதிரும்.
நாங்கள் யாரும் நிமிர்வதில்லை.
அவர் மட்டும் எழுந்து
வடக்குச் சுவரைப் பார்க்கிறார்.
அங்கே
மாங்கூழ் கம்பெனி கொடுத்த காலண்டர்,
போன மாதத்திலேயே நிற்கிறது.