நாலு சில்லு

பண்ணைக் கடற்கரையில் பெடியள்
முன்னமே இடம் பிடிச்சிட்டாங்கள்.
"விழுந்தா ஆர் தூக்கிறது?" எண்டான் ஒருத்தன்,
தூக்க ஆயத்தமாய்.

நானும் டிலக்சனாவும் மயிலிட்டிக்கு பஸ் ஏறினம்.
கூரையில்லாத வீடு.
கதவில்லை,
கதவைச் சாத்தச் சொல்ல ஆளுமில்லை.
விறாந்தைச் சீமெந்து மட்டும்
இன்னும் வழுவழுவெண்டு.

நான் விழுந்த கணக்குக்கு
அம்மாவிட்டச் சொல்ல ரெண்டு பொய் வேணும்.
அவளுக்கு முழங்கையும் போச்சு.

பொழுது சாய
படியிலிருந்து எத்தினாள்.
பலகை பாதத்தோடயே போனது.
நிழல் மட்டும் ஒரு கணம்
நிலத்தில் தனிய.

இறங்கினவள் சிரிக்கேல்லை.
"இன்னொருக்கா."

கடைசி பஸ்ஸில் பலகை என் மடியில், குப்புற.
டிக்கெட் கிழிச்ச கொண்டக்டர்
ஒரு சில்லைச் சும்மா தட்டிவிட்டார்.

தெல்லிப்பழை தாண்டியும்
நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்.