வளர்ச்சி இல்லை

கோத்தகிரியில் உறைபனி விழும் ஜனவரி இரவில்
குளிராத ஒரே இடம் எங்கள் இன்குபேட்டர்.
முப்பத்தேழு டிகிரி.
உள்ளே ஆட்டு ரத்தம் கலந்த தட்டுகள்,
தட்டுக்கு ஒரு பிள்ளை.

சோலூர்மட்டம் கடைசி பஸ்ஸில்
ரத்தக் குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
வந்து இறங்குவார் போஜன்.
குளிர் பட்டால் செத்துப்போகும்
பிள்ளையைப் பிடித்தது எதுவோ அது.
அதையும் காப்பாற்றித்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

தடுப்பூசி அடுத்த வருஷம் வருமாம்.
வந்தபின் குறைந்ததா என்று சொல்ல
வருமுன் எத்தனை என்று தெரிய வேண்டும்.
மூன்று வருஷமாக எண்ணுகிறேன்.
பச்சை வளையத்துக்குள் நடுக்குழிந்த புள்ளிகள் தெரிந்தால்
சின்னதாய் ஒரு சந்தோஷம் வரும் எனக்கு.
யாரிடமும் சொன்னதில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் தட்டு
லைன் வீட்டு தர்ஷிகா, பதினான்கு மாதம்.
எஸ்டேட் டிஸ்பென்சரியில் முதலிலேயே ஊசி போட்டுவிட்டார்கள்.
நல்லதுக்குத்தான்.
ஐந்து நாளும் தட்டு சிவப்பாய், சுத்தமாய்,
துடைத்து வைத்த மாதிரி.
பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது.

‘வளர்ச்சி இல்லை’ என்று பதிந்தேன்.
விதிப்படி அது கணக்கில் சேராது.

அரைநாள் லீவு சொல்லி
ரிப்போர்ட் வாங்க வந்தார் அப்பா.
என்ன எழுதியிருக்கு என்று கேட்டார்,
படித்துச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
நாலாய் மடித்த எடை கார்டை எடுத்து
என் மேசையில் பிரித்து வைத்தார்.
ஒன்பது கிலோ நூறு.
கோடு மேலேதான் ஏறியிருந்தது.

“நல்லாத்தானே மேடம் வளந்துச்சு?”