வெற்று அட்டை

பிப்ரவரி. யேரன் கரையில் காற்று
கல்சுவர்களைத் தாண்டிவந்து
கொட்டகைக் கதவை உலுக்குகிறது.
என் வேனில், நைட்ரஜன் குடுவைக்குள்
செத்துப்போன காளைகள் முப்பது பேர்
புகைந்தபடி பண்ணை பண்ணையாய் வருகிறார்கள்.

தூருன் பட்டியலை விரித்து வைத்திருக்கிறாள்.
முதல் பக்கத்துக் காளை பளபளக்கிறான்.
மகள்களெல்லாம் பால் மழை.
"போன தடவை இவன் அப்பனைத்தானே போட்டோம்?"
போன தடவை என்றால் சூல்வோர்.

சூல்வோரை எனக்குத் தெரியும்.
தலையீற்றிலேயே தொட்டி நிறைத்தவள்.
சந்தையில் நீல ரிப்பன் கட்டிக்கொண்டு
படம் எடுக்க நின்றவள்.
பிறகு இடது பின்காம்பில் கட்டி.
பிறகு குளம்பில் புண்.
பிறகு நான்.
நான்கு முறை வந்தேன்.
நான்கு முறையும் இருபத்தோராம் நாள்
கம்பியோரம் நின்று கத்தினாள்.
ஐந்து வயது நிறையுமுன் லாரி வந்தது.
ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்
என்றான் அஸ்லாக்.
எல்லா மாடும் திரும்பித்தான் பார்க்கும்
என்று உடனே திருத்திக்கொண்டான்.

கணினியில் எல்லாம் இருக்கிறது.
ஆனாலும் தூருன் அச்செடுத்து வைப்பாள்,
மாட்டுக்கு ஓர் அட்டை.
அறுநூற்றுப் பதினொன்றின் அட்டையை
மேசைமேல் போடுகிறாள்.
பதினான்கு வயது, பதினோரு ஈற்று.
மடிநோய்: கோடு.
பால்காய்ச்சல்: கோடு.
நஞ்சுக்கொடி தங்கல்: கோடு.
பெயர் உண்டு, யாரும் கூப்பிட்டதில்லை.
மாட்டு வைத்தியர் ஒருநாள் அவள்முன் நின்று
"இது யார், புதுசா?" என்று கேட்டாராம்.
எதிலும் முதலில் வந்தவள் இல்லை,
தீவனத்துக்குக்கூட.
சொல்வதற்கு ஒரு கதை இல்லாத மாடு.

தூருன் பக்கம் புரட்டுகிறாள். பதினேழு.
படத்தில் கொஞ்சம் சோர்ந்து தெரியும் காளை.
பால் சுமார். மடி, கால், சினைப்பிடிப்பு நன்று.
இவன் மகள்கள் நாலாம் ஈற்றைத் தாண்டும்வரை
இவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
பேசத் தொடங்கியபோது
இவன் இல்லை.

வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம்.
குழலைச் சட்டைக்குள் செருகி,
நெஞ்சுச் சூட்டில் காத்து நடக்கிறேன்.
வழியில் குறுக்கே நிற்கிறாள் அறுநூற்றுப் பதினொன்று.
தள்ளினால் நகரமாட்டாள்.
சுற்றித்தான் போகவேண்டும்.
அந்தக் கோடியில் கட்டியிருக்கிறது
அவள் மகள் வயிற்றுக் கிடாரி.
தோள்வரை கை உள்ளே.
வெளியே ஆலங்கட்டி தகரத்தில் கொட்டுகிறது.
உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு அமைதி.
விரலுக்கு வழி தெரிகிறது.
அவ்வளவுதான், முடிந்தது.
கிடாரி வைக்கோலை விட்டுத் தலைகூட நிமிர்த்தவில்லை.

இருபத்தோராம் நாள் தூருன் அழைக்கவில்லை.
இருபத்திரண்டாம் நாளும் இல்லை.
என் தொழிலில் நல்ல செய்திக்கு மணி ஒலிக்காது.

நாற்பத்திரண்டாம் நாள் அடித்தது.
பதறி எடுத்தேன்.
அஸ்லாக்.
என் வெந்நீர்க் குடுவை
அவர்கள் கொட்டகை ஜன்னலிலேயே இருக்கிறதாம்,
பூனை தட்டிவிடுமுன்
வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.